பிலோ அக்கா அடித்த அடி

பிலோ அக்கா இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தபோது எங்கள் கட்டடத்தில் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "எந்தக் கடையில கரண்ட் அடிச்சது?" அப்பா தொலைபேசியைக் காதில் வைத்தபடியே போட்டோ கொப்பி மெஷினை நிறுத்தினார். பாதி வெளியே வந்த தாள் அப்படியே நின்றது. "கரண்ட் இல்லையாம். பஸ்ஸாம். பொரளைச் சந்தியில" என்றார். பக்கத்துப் புடைவைக் கடைச் சரோஜா அன்ரி நம்பவில்லை. "சும்மா சொல்லாதீங்க அண்ணே. அவவையாவது பஸ் இடிக்கிறதாவது. பஸ்தான் உடைஞ்சிருக்கும்" என்று சிரிக்கத் தொடங்கியவர், துணி அளக்கும் மேசையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு அழுதார்.

இந்த நினைவு மலரில் எழுதும்படி என்னைக் கேட்டவர் பிலோ அக்காவின் அண்ணா, அந்தோனி அண்ணன். நான் இன்னும் பள்ளிக்கூடம் போகிறவள்; பெரியவர்கள் எழுதும் இடத்தில் என்ன எழுதுவது என்று தயங்கினேன். அவர் சொன்னார்: "உள்ளதை எழுதுங்க பிள்ளை. நல்லது மட்டும் எழுதினா அவ எழும்பி வந்து உங்களுக்கு அடிப்பா." ஆகவே உள்ளதை எழுதுகிறேன். மலருக்காக மற்றவர்கள் எழுதித் தந்தவற்றை அப்பாவின் கடையில்தான் தட்டச்சு செய்தோம். அவற்றில் 'பொறுமையின் வடிவம்' என்று ஓரிடத்தில் வருகிறது. அதைத் தட்டச்சு செய்யும்போது எனக்குச் சிரிப்பு வந்தது. பிலோ அக்காவுக்குப் பொறுமை இருக்கவில்லை. கொட்டாஞ்சேனையில் அவரை அறிந்த உங்கள் எல்லோருக்கும் அது தெரியும். அவர் கதவைத் தட்டமாட்டார், தள்ளுவார். வயரிங் வேலைக்கு ஒரு பெண் வருவதைப் பார்த்து யாராவது இளித்தால், ஸ்கூட்டரை ஓரம் கட்டிவிட்டு வந்து, ஏன் என்று கேட்டுவிட்டுத்தான் போவார்.

அவரை நான் முதன்முதலில் பார்த்தது வெள்ளவத்தையில். காலி வீதியில், ஒரு பழைய கட்டடத்தின் முதலாம் மாடியில், என் பெரியம்மா கவரிங் நகைக் கடை வைத்திருக்கிறார். அங்கே லைட் அடிக்கடி மங்கிக்கொண்டிருந்தது. பிலோ அக்கா வந்து கண்ணாடி அலுமாரியை இழுத்தார். பின்னால் ஒரு பிளக்கில் இன்னொரு பிளக், அதில் இன்னொன்று என்று பாம்புக் குட்டிகள் மாதிரிக் கிடந்தன. ஒன்று உருகி நிறம் மாறியிருந்தது. அவர் எல்லாவற்றையும் பிடுங்கித் தரையில் போட்டுச் சுத்தியலால் அடித்து நொறுக்கினார். "ஐயோ, அது போன கிழமைதான் வாங்கினது! புதுசு!" என்று பெரியம்மா கத்தினார். அலுமாரிக்குக் கீழே பாய் விரித்துப் பெரியம்மாவின் சின்ன மகன் நித்திரையாகக் கிடந்தான். பிலோ அக்கா சுத்தியலால் அவனைக் காட்டினார். "இதுவும் புதுசுதானே. எது வேணும் உங்களுக்கு?" பெரியம்மா பாயோடு அவனை இழுத்து அலுமாரிக்குத் தள்ளிப் படுக்கவைத்தார்.

அன்று நான் கவனித்த இன்னொரு விஷயம், அவர் எந்த இரும்பையும் முதலில் புறங்கையால்தான் தொடுவார். ஏன் என்று பிறகு நான் நூலகத்தில் தேடிப் படித்தேன். மின்சாரம் பாய்ந்தால் தசை சுருங்கும். உள்ளங்கையால் தொட்டவனின் கை அந்த இரும்பை இறுகப் பிடித்துக்கொள்ளும். புறங்கையால் தொட்டவனின் கை விலகும். உள்ளங்கையால் பிடித்தால் என்ன நடக்கும் என்பதை அதற்குப் பிந்திய மழைக்காலத்தில் என் கண்ணாலேயே பார்த்தேன்.

கொட்டாஞ்சேனையில் எங்கள் கட்டடம் எத்தனை பழையது என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. கீழே வரிசையாக மூன்று கடைகள். படிக்கட்டுக்குப் பக்கத்தில் மருந்துக் கடை, நடுவில் சரோஜா அன்ரியின் புடைவைக் கடை, கடைசியில் அப்பாவின் புத்தகக் கடை. மேலே ஒரு அறையில் நஸீர் நானா கைத்தொலைபேசி திருத்துகிறார். முன்பக்கம் நெடுக ஒரே இரும்பு உத்தரம் ஓடுகிறது. மூன்று கடைகளின் ஷட்டர்களும் அந்த ஓர் உத்தரத்தில்தான் தொங்குகின்றன. படிக்கட்டுக்குக் கீழே ஒரு போர்டில் முழுக் கட்டடத்துக்குமான பெரிய மெயின் சுவிட்ச். அங்கிருந்து கரண்ட் பிரிந்து ஒவ்வொரு கடைக்கும் போகிறது. கடைக்குள்ளே கடைக்கென்று ஒரு மெயின் சுவிட்ச். கடை பூட்டும்போது நெருப்புக்குப் பயந்து எல்லோரும் தத்தம் மெயினை நிறுத்திவிட்டுத்தான் போவார்கள்.

அன்று பள்ளிக்கூடம் விட்டு வந்து கடையின் மூலையில் நான் படித்துக்கொண்டிருந்தேன். நீண்ட வெயிலுக்குப் பிறகு பெரிய மழை திடீரென்று கொட்டியது. நடைபாதையில் தண்ணீர் ஏறியது. சாரல் சேலைகளில் பட்டுவிடும் என்று சரோஜா அன்ரி ஓடிவந்து, ஷட்டரைக் கையால் எட்டிப் பிடித்துப் பாதி இறக்கப் பார்த்தார். தண்ணீரில் அவருடைய செருப்பு கழன்று போயிருந்தது.

அவர் கத்தவில்லை. அதுதான் பயங்கரம். வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. விரல்கள் ஷட்டரின் விளிம்பை இறுகப் பிடித்திருக்க, உடம்பு முழுவதும் தையல் மெஷின் ஊசி மாதிரி ஆடியது. அப்பா பிளாஸ்டிக் கதிரை ஒன்றைத் தூக்கி அவருடைய கையில் ஓங்கி அடித்தார். முதல் அடிக்குக் கை விடவில்லை. இரண்டாவது அடியில் அன்ரி பின்புறமாக விழுந்து, நடைபாதைக் கல்லில் தலை அடிபட்டது. மழைத் தண்ணீர் சிவந்து ஓடியது. மருந்துக் கடைக்காரர் பஞ்சும் கையுமாக ஓடிவந்தார். "மூச்சு இருக்கு, மூச்சு இருக்கு" என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னது எனக்கு இன்னும் கேட்கிறது.

அன்ரியை ஒரு த்ரீவீலில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, மூன்று கடைகளிலும் மெயினை நிறுத்தினார்கள். மேலே போய் நஸீர் நானாவின் மெயினையும் நிறுத்தினார்கள். படிக்கட்டுக்குக் கீழே இருந்த பெரிய மெயினைத் தொட யாருக்கும் துணிவு வரவில்லை. அதற்குள் கட்டடத்து முதலாளி வந்துவிட்டார். கரண்ட் பில் கூடுகிறது, எவனோ களவாக லைன் இழுக்கிறான் என்று நெடுநாளாகவே அவர் சொல்லிக்கொண்டிருந்தார். என்ன சத்தம் என்று பார்க்க நஸீர் நானா படியிறங்கி வந்தார். முதலாளி அவரைக் கண்டதும் கையை நீட்டினார்.

"காலையில போர்டைத் திறந்து குடைஞ்சது நீதானே?"

"பியூஸ் போயிருந்திச்சி முதலாளி. கம்பி போட்டன், அவ்வளவுதான்" என்றார் நஸீர் நானா.

"பியூஸா? களவு லைன் எடுத்திருக்கிறாய். ஒரு பொம்பிளையைக் கொல்லப் பாத்திருக்கிறாய்!"

முதல் அடியை அடித்தவர் என் அப்பா. இதை நான் மறைக்கப் போவதில்லை. அப்பா கடைக்கு வரும் சின்னப் பிள்ளைகளுக்குப் பென்சில் சீவிக் கொடுப்பவர். சரோஜா அன்ரியின் இரத்தம் அவருடைய சட்டையில் இருந்தது. ஷட்டர் இழுக்கும் தடி வாசலில் சாத்தியிருந்தது. நுனியில் இரும்புக் கொக்கி போட்ட நீளமான மரத்தடி. அதைத் தூக்கி நஸீர் நானாவின் முதுகில் அடித்தார். பிறகு எல்லோரும் அடித்தார்கள். முதலாளி அறைந்தார். தரிப்பிடத்தில் நின்ற த்ரீவீல்காரர்கள், யார் என்ன என்று கேட்காமலே, வந்து உதைத்தார்கள். ஒருவன் மேலே ஓடிப்போய், திருத்தக் கொடுத்திருந்த தொலைபேசிகளைத் தட்டோடு யன்னலால் கொட்டினான். அவை மழையில் விழுந்து சிதறின. நஸீர் நானா தலையை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு குந்தியிருந்தார். வாயிலிருந்து இரத்தம் வடிந்தது. "இருட்டுறதுக்குள்ள சாமானைத் தூக்கிக்கொண்டு வெளிய போகோணும். இல்லாட்டிப் பொலிஸ்" என்றார் முதலாளி. மேலே இருந்த அந்த ஒற்றை அறைதான் நானாவின் வீட்டில் அடுப்பெரிய வைத்தது. அது எல்லோருக்கும் தெரியும்.

பிலோ அக்காவுக்குப் போன் கோல் எடுத்தவர் மருந்துக் கடைக்காரர். அக்கா நனைந்து வழிய வந்தார். ஸ்கூட்டரை நடுறோட்டில் போட்டுவிட்டு, முழங்கையால் ஆட்களை இடித்துக்கொண்டு கூட்டத்தின் நடுவே புகுந்தார். ஒரு த்ரீவீல்காரர் சிங்களத்தில் ஏதோ விளக்கம் சொல்ல வந்தார். "கட்ட வஹகென இன்ன மல்லி" என்று அவருடைய வாயை மூடவைத்துவிட்டு, பிலோ அக்கா எல்லோரையும் பார்த்துச் சொன்னார்: "அடிக்கிறதெண்டா அங்கால போய் அடியுங்க. ஷட்டர்ல கரண்ட் இன்னும் இருக்கு."

"எல்லா மெயினும் ஓஃப்" என்றார் முதலாளி.

"ஓஃப் பண்ணினது நீங்க. ஓஃப் ஆனதா எண்டு கரண்டிட்டத்தான் கேக்கோணும்."

அவரிடம் எப்போதும் ஒரு பல்ப் இருக்கும். பல்ப் மாட்டும் பிடியிலிருந்து இரண்டு வயர் நீண்டிருக்கும், வேறொன்றும் இல்லை. ஒரு வயரைத் தண்ணீர்க் குழாயில் சுற்றினார். மற்றதை ஷட்டரில் வைத்தார். பல்ப் பளீரென்று எரிந்தது. நஸீர் நானாவை மிதித்துக்கொண்டிருந்தவர்கள் அந்த ஷட்டருக்கு ஒரு கை தூரத்தில், கணுக்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார்கள். கூட்டம் அப்படியே பின்வாங்கியது.

அவர் ஒவ்வொரு கடைக்குள்ளும் போய் மெயின் சுவிட்சைத் தானே பார்த்தார். எல்லாம் நிறுத்தியபடிதான் இருந்தன. பல்ப் எரிந்துகொண்டிருந்தது. படிக்கட்டுக்குக் கீழே போய்ப் பெரிய மெயினை நிறுத்தினார். பல்ப் அணைந்தது. திரும்பப் போட்டார். எரிந்தது. "பெரிய மெயினுக்கும் கடை மெயினுக்கும் நடுவில ஒரு லைன் எடுத்திருக்கு" என்றார்.

"நான் சொல்லேல்லையா? களவு லைன்!" என்று முதலாளி கத்தினார். யாரோ நஸீர் நானாவின் தலையில் மறுபடியும் அடித்தார்கள். உண்மையைத் தேடி வந்தவரின் சொல்லே நானாவுக்கு இன்னும் ஓர் அடி வாங்கிக் கொடுத்தது. பிலோ அக்கா திரும்பி, அடித்தவனின் கையை முறுக்கித் தள்ளிவிட்டார். பிறகு குனிந்து கேட்டார்.

"நானா, மறைக்காமச் சொல்லுங்க. எடுத்தீங்களா?"

"அல்லாஹ்வாணை இல்ல தங்கச்சி. என்ட பிள்ளைகள் மேல சத்தியம்."

"சத்தியம் எனக்கு வேணாம். உங்கட வயர் எது, அதைக் காட்டுங்க."

பெரிய மெயினை நிறுத்தி, மேலே போகும் நானாவின் வயரைப் போர்டிலிருந்து முற்றாகக் கழற்றினார். அதன் நுனியைத் துணியால் சுற்றி எல்லோருக்கும் தெரியும்படி தொங்கவிட்டார். மறுபடி மெயினைப் போட்டார். பல்ப் எரிந்தது. "இவரிட கடைக்கு இப்ப கரண்டே இல்ல. ஷட்டருக்கு இருக்கு" என்றார். "அவன் வேற எங்கயாவது ஒளிச்சு எடுத்திருப்பான்" என்றார் முதலாளி. கூட்டத்தில் பலர் தலையாட்டினார்கள். அப்பாவும் தலையாட்டினார். அடித்தாகிவிட்டது, அடித்தது சரியாக இருக்க வேண்டும் என்று எல்லோருக்கும் ஆசையாக இருந்தது என்று இப்போது நினைக்கிறேன்.

பிலோ அக்கா படிக்கட்டடியிலிருந்து வெளியே வந்தார். நடைபாதையில் நின்று கடைகளைப் பார்த்தார். மழை இருட்டு. கடைகளுக்குள்ளும் இருட்டு. அவர் அப்படி அசையாமல் நின்றதை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை.

"எல்லாரும் மெயினை ஓஃப் பண்ணிட்டீங்க, என்ன?"

"ஓம்" என்றார்கள்.

"கடைக்குள்ள ஒரு சொட்டுக் கரண்ட் இல்ல?"

"இல்லையெண்டுதானே சொல்றம்!" என்றார் அப்பா.

"அப்ப சாமி மட்டும் என்னெண்டு வெளிச்சத்தில இருக்கிறார்?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். மருந்துக் கடையில் இருதய ஆண்டவர் படத்துக்கு மேலே ஒரு சின்னப் பல்ப் எரிந்துகொண்டிருந்தது. சரோஜா அன்ரியின் கடையில் லட்சுமிக்கு மேலே ஒன்று. எங்கள் கடையில் முருகனுக்கு மேலே ஒன்று. மூன்றும் எங்கள் கண்ணுக்கு முன்னால்தான் எரிந்துகொண்டிருந்தன. ஒருவர்கூட அதைக் காணவில்லை. ஏனென்றால் அவை எப்போதும் எரிபவை. கடையைப் பூட்டி மெயினை நிறுத்தினாலும் சாமி லைட் அணையக்கூடாது என்பது எங்கள் பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லோருக்கும் உள்ள வழக்கம். அதற்காக, எங்களுக்கெல்லாம் முன்னால் யாரோ ஒருவர், கடை மெயின்களுக்கு வெளியே, படிக்கட்டிலிருந்து ஒரு தனி வயரை இழுத்து, உத்தரத்தின் மேலே மரப்பட்டிக்குள் மறைத்து, கடைசிக் கடை வரை கொண்டுபோயிருந்தார். கரண்ட் கசிந்தால் தானாக அணையும் எந்த ட்ரிப் சுவிட்சும் அந்த வயரைக் காவல் காக்கவில்லை. முதலாளி தேடிய களவு லைன் அதுதான். மூன்று கடைக்காரர்களும் அதற்குக் கீழே நின்று தினமும் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

லைன் எது என்று தெரிந்துவிட்டது. அது எந்த இடத்தில் இரும்பைத் தொடுகிறது என்பதுதான் இனிக் கேள்வி. பிலோ அக்கா ஏணி வைத்து உளியும் சுத்தியலும் எடுத்தார். பக்குவமாகக் கழற்றும் ஆள் அல்ல அவர். மரப்பட்டி பிளந்து விழுந்தது, சுண்ணாம்பு பொரிந்து பறந்தது, கரப்பான்கள் மழைபோலக் கொட்டின. ஏணிக்குக் கீழே நின்று டோர்ச் பிடித்தவர் அப்பா. புடைவைக் கடைக்கும் எங்கள் கடைக்கும் நடுவே வயரை வெட்டப் போகிறேன் என்றார் அக்கா. "வெட்டின பிறகும் ஷட்டர்ல பல்ப் எரிஞ்சா பிழை படிக்கட்டுப் பக்கம். அணைஞ்சா இந்தப் பக்கம்." இந்தப் பக்கம் என்று சொன்னபோது உளியால் எங்கள் கடையைக் காட்டினார். மெயினை நிறுத்தி, வயரை வெட்டி, மெயினைப் போட்டார்கள்.

பல்ப் எரியவில்லை.

நான் அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். பிலோ அக்கா ஏணியை எங்கள் கடைக்குள் கொண்டுவந்து, முருகன் படத்தை இரண்டு கையாலும் மெதுவாக இறக்கி என்னிடம் தந்தார். அன்று அவர் மெதுவாகச் செய்த ஒரே காரியம் அதுதான். படத்துக்குப் பின்னால் நீளமான கொங்கிரீட் ஆணி. மரப்பட்டியைத் துளைத்து, வயரின் துணி உறையைக் கிழித்து, உத்தரத்தில் முட்டிக்கொண்டு நின்றது. அதைச் சுற்றிக் கரி படிந்திருந்தது.

"இந்த ஆணியை அடிச்சது யார்?"

அப்பா டோர்ச்சைத் தாழ்த்தினார். "நான்தான்."

"எப்ப?"

"போன மாசம். பழைய படத்திட கண்ணாடி வெடிச்சிட்டு. பெரிசா ஒண்டு வாங்கினன்."

போன மாதம் முழுவதும் வெயில். காய்ந்த நடைபாதையில் செருப்புக் காலோடு நின்று, மரத்தடியால் ஷட்டரை இழுத்துக்கொண்டிருந்தோம். ஆகவே ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. சரோஜா அன்ரி ஈரத்தில் வெறுங்காலோடு நின்று உள்ளங்கையால் பிடித்த முதல் ஆள்.

பிலோ அக்கா ஏணியிலிருந்து இறங்கினார். கையுறையைக் கழற்றினார். அப்பாவின் கன்னத்தில் அறைந்தார். மூக்குக்கண்ணாடி பறந்துபோய்க் கொப்பிக் கட்டுகளுக்கு நடுவே விழுந்தது. "ஆணி அடிச்சதுக்கில்ல" என்றார். "ஆணி எவனும் அடிப்பான். அந்த மனுசனுக்கு அடிச்சீங்களே, அதுக்கு." பிறகு வாசலில் கிடந்த ஷட்டர் தடியை எடுத்து, படியில் உட்கார்ந்திருந்த நஸீர் நானாவின் கையில் கொடுத்தார். "இந்தாங்க நானா. உங்கட பங்கு."

நான் "வேணாம்" என்று கத்தினேன். கையில் முருகன் படம் இருந்தது; அதைக் கீழே வைத்துவிட்டு ஓடவும் தோன்றவில்லை. கதைகளில் இந்த இடத்தில் அடிபட்டவர் தடியைக் கீழே போட்டுவிடுவார். நானும் அதைத்தான் எதிர்பார்த்தேன். நஸீர் நானா போடவில்லை. எழுந்து வந்து, அப்பாவின் தோளில் ஓங்கி ஓர் அடி அடித்தார். பலகை பிளப்பது போன்ற சத்தம் கேட்டது. அப்பா முழங்காலில் விழுந்தார். நானா தடியை எறிந்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு விம்மினார். அப்பா எழும்பவில்லை. "அடிச்சது சரி நானா. சரி" என்று நிலத்தைப் பார்த்தே சொன்னார்.

"முதலாளி, நீங்களும் கை வச்சீங்கதானே?" என்று பிலோ அக்கா திரும்பினார். முதலாளிக்கு அவசர வேலை ஒன்று ஞாபகம் வந்தது. குடையை மறந்துவிட்டு மழையில் போனார்.

அந்த வயரைப் பிலோ அக்கா அன்றே அடியோடு பிடுங்கி எறிந்தார். சாமி லைட்டுகளை அந்தந்தக் கடையின் மெயினுக்குக் கீழே மாட்டினார். தலையில் கட்டோடு திரும்பி வந்த சரோஜா அன்ரிக்கு அது மனதுக்கு ஒப்பவில்லை. "அப்ப பூட்டின பிறகு சாமி இருட்டிலயே இருக்கிறது?" என்று கேட்டார். "சாமிக்கு இருட்டுப் பயமில்ல அன்ரி. பயம் உங்களுக்குத்தான்" என்றார் பிலோ அக்கா.

அவரை நான் வெறுத்தேன். வீட்டில் அம்மா அழுதுகொண்டே அப்பாவின் தோளில் எண்ணெய் பூசுவதைப் பார்க்கும்போதெல்லாம் வெறுத்தேன். பொலிஸுக்குப் போகலாம் என்று அம்மா சொன்னதற்கு அப்பா மறுத்துவிட்டார். ஒருநாள் கோயில் வீதியில் பிலோ அக்காவைக் கண்டு நான் முகத்தைத் திருப்பினேன். ஸ்கூட்டர் என் பக்கத்தில் வந்து நின்றது.

"அப்பாட தோள் எப்பிடி?"

"நீலமாக் கிடக்கு" என்றேன், கோபமாக.

"நானாவுக்கு முன்பல் போயிட்டு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். சமாதானம் சொல்ல வந்தாரா, சண்டைக்கு வந்தாரா என்று எனக்கு விளங்கவில்லை.

நஸீர் நானா இன்னும் மேலேதான் இருக்கிறார். அவர் போனால் நானும் கடையைக் காலி செய்வேன் என்று அப்பா முதலாளியிடம் சொன்னார். சிதறிய தொலைபேசிகளை அப்பாவே பொறுக்கி, துடைத்து, மேலே கொண்டுபோய்க் கொடுத்தார். இரண்டு பேரும் பல வாரங்கள் அளவாகத்தான் கதைத்தார்கள். பிறகு ஒருநாள் நானா கீழே வந்து, புதுப்பல்லைக் காட்டி, "உங்கட தடியிட நன்கொடை" என்றார். அப்பாவுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. பிறகு சிரித்தார்.

இனிச் செத்தவீட்டில் நடந்ததை எழுத வேண்டும். இதை எழுதலாமா என்று அந்தோனி அண்ணனிடம் கேட்டேன். "எழுதுங்க" என்றார், என்னைப் பார்க்காமல்.

பெட்டியை மூடியே வைத்திருந்தார்கள். உள்ளே பெண்கள் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். வெளியே ஆண்கள் கதிரைகளில் இருந்தார்கள். பஸ்ஸை ஓட்டியவரின் வீடு களுபோவிலப் பக்கம் என்று ஒருவர் விசாரித்துக்கொண்டு வந்திருந்தார். விலாசமும் கிடைத்துவிட்டது. வாசலில் த்ரீவீல்கள் வந்து நின்றன. ஒன்றின் பின் இருக்கையில் இரும்புக் கம்பிகள் கிடந்ததை நான் கண்டேன். "அடக்கம் முடியும் வரைக்கும் என்ன? இப்பவே போவம்" என்று அந்தோனி அண்ணன் எழுந்தார். தெரு ஆட்கள் எல்லோரும் எழுந்தார்கள்.

அப்பாவும் எழுந்தார். கையில் பிளேன்டீக் கோப்பை இருந்தது. வாசலில் போய் நின்றுகொண்டு கேட்டார்: "பஸ் பிரேக் பிடிச்சதா?"

"என்ன?" என்றார் அந்தோனி அண்ணன்.

"பிரேக் பிடிச்சதா, இல்லையா? தங்கச்சி எந்தப் பக்கத்தால வந்தா? அது யாருக்குத் தெரியும்? யார் பாத்தது?"

அந்தோனி அண்ணன் அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்து வாயில் குத்தினார். கோப்பை உடைந்தது. அப்பா கதிரைகளின் மேல் விழுந்து, உதட்டைத் துடைத்துக்கொண்டு எழும்பி, மறுபடியும் அதே இடத்தில் போய் நின்றார். கையை ஓங்கவில்லை. "யார் பாத்தது அந்தோனி?" என்றார். இரண்டாவது குத்து கண்ணுக்குக் கீழே விழுந்தது. அப்போது நஸீர் நானா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அப்பாவின் பக்கத்தில் நின்றார்.

"எனக்கும் ரெண்டு போட்டுட்டுப் போங்க" என்றார். "நான் பழகின ஆள்."

யாரோ ஒருவர் அந்த நேரத்திலும் சிரித்துவிட்டார். அந்தோனி அண்ணன் சிரிக்கவில்லை. ஓங்கிய கையை இறக்கினார். பிறகு வாசற்படியில் உட்கார்ந்து, "என்ட தங்கச்சியடா, என்ட தங்கச்சி" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அப்பா அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். த்ரீவீலின் என்ஜின் நின்றது. அன்று களுபோவிலவுக்கு யாரும் போகவில்லை.

விசாரணை இன்னும் முடியவில்லை. பிழை அந்தச் சாரதியுடையதாகவே இருக்கலாம். எனக்குத் தெரியாது.

பிலோ அக்கா எனக்கு எதுவும் சொல்லித் தரவில்லை. என் பெயர்கூட அவருக்குத் தெரிந்திருக்குமோ என்னவோ. அப்பாவுக்கு அவர் அடித்ததை நான் இன்றுவரை மன்னிக்கவுமில்லை. ஆனால் அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது ஒன்று உண்டு. செத்தவீட்டு வாசலில், உதடு கிழிந்து இரத்தம் வடிய, ஓங்கிய கைக்கு முன்னால் நின்று என் அப்பா இரண்டாம் தடவையும் கேட்ட 'யார் பாத்தது?' என்ற அந்தக் கேள்வி. அது அப்பாவின் குரல். கேள்வி பிலோ அக்காவுடையது.